மகுடமும் பல்லவியும்: யேட்ஸ் கவிதைகளுக்கு வாட்டர்பாய்ஸ் குழு இசை வகுத்த முறை

ஆய்வுச் சுருக்கம்

அயர்லாந்தின் கவிஞர் வில்லியம் பட்லர் யேட்ஸின் (1865–1939) கவிதைகளுக்கு வாட்டர்பாய்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1988 முதல் 2011 வரை வகுத்த இசையை இக்கட்டுரை ஆராய்கிறது. ராக் இசையின் பேரொலி சொல்லை விழுங்கிவிடும் என்பதே இத்தகைய முயற்சிகள்மீது வைக்கப்படும் வழக்கமான குற்றச்சாட்டு. பொருள் மாற்றத்திற்குக் காரணம் ஒலியின் அளவன்று. அடிகள் மீண்டும் வரும் முறையும் கவிதைக்குள் பேசுவோர் யார் என்பதில் நிகழும் மாற்றமுமே காரணம் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: யேட்ஸ், வாட்டர்பாய்ஸ், இசை வகுத்தல், மகுடம், பல்லவி, ராக் இசை.

முன்னுரை

எழுதப்பட்ட கவிதைக்குப் பிறிதொருவர் இசை அமைப்பதைக் குறிக்கப் பரிபாடலின் பாடற்குறிப்புகள் ஒரு தொடரைத் தருகின்றன. பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என அவை இருவரையும் பிரித்தே சுட்டுகின்றன. இசை வகுத்தவரைப் பாடியவருக்கு இணையாகப் பெயர் சொல்லி நிறுத்தும் இவ்வழக்கம், இசை வகுத்தலும் ஆக்கச் செயலே என்னும் புரிதலைக் காட்டுகிறது. அத்தொடர் இக்கட்டுரையில் கலைச்சொல்லாக ஆளப்படுகிறது.

மற்றோர் இணைச் சொல்லும் இங்குத் தேவைப்படுகிறது. செய்யுள்தோறும் ஈற்றில் மாறாது வரும் அடியை மகுடம் என்பது தமிழ் மரபு. பாடலின் தலைப்பில் நின்று, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் மீண்டும் எடுக்கப்படுவது பல்லவி. இரண்டும் மீண்டும் வருவனவே எனினும் அவற்றின் தொழில் வேறு. மகுடம் தனக்கு முன் வந்த அடிகளின் சுமையைத் தாங்கி முடிப்பது. ஒவ்வொரு முறையும் அதன் சொல் ஒன்றாயினும் பொருள் சற்றே நகர்ந்திருக்கும். பல்லவியோ தன்னளவில் நிறைவானது. கேட்போர் முதன்முறையே மனத்தில் கொண்டு, அடுத்தடுத்து உடன்பாடுவதற்கு உரியது. ஆங்கிலத் திறனாய்வில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதும் உண்டு. இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டு நோக்கினால், வாட்டர்பாய்ஸ் குழுவின் யேட்ஸ் பாடல்களில் எது கவிதையாகவே நின்றது, எது வேறொன்றானது என்பதைத் தெளிவாகக் காண இயலும்.

இசையை நம்பாத கவிஞர்

யேட்ஸுக்கு இசைச்செவி இல்லை. ஒரு மெட்டிற்கும் இன்னொரு மெட்டிற்கும் வேறுபாடு உணர இயலாதவர் என்று அவரோடு பழகியோர் பலரும் பதிவு செய்துள்ளனர். ஆயினும் வாழ்நாள் முழுவதும் கவிதையின் ஒலிப்பு பற்றி அவரளவு கவலை கொண்ட ஆங்கிலமொழிக் கவிஞர் அக்காலத்தில் அரியர். அவருடைய அச்சம் ஒன்றே: பாடகர் உயிரெழுத்தை நீட்டும்போது சொல் உருக்குலையும், கேட்போர் மெட்டைக் கேட்பார்களேயன்றிக் கவிதையைக் கேட்கமாட்டார்கள்.

இவ்வச்சத்தின் விளைவாக நடிகை ஃப்ளோரன்ஸ் ஃபாருடன் இணைந்து அவர் ஒரு சோதனை மேற்கொண்டார். பழங்கால இசைக்கருவிகளைப் புதுக்கிச் செய்வதில் வல்லவரான ஆர்னால்ட் டோல்மெட்ச், சால்டரி என்னும் நரம்புக்கருவியை அவர்களுக்காகச் செய்தளித்தார். ஃபார் அதை மீட்டியவாறு கவிதையைப் பாடாமல், பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி ஓதினார். இம்முறை பற்றி யேட்ஸ் எழுதிய கட்டுரை 1902இல் வெளிவந்தது. சோதனை நகைப்பையும் சந்தித்தது. எனினும் யேட்ஸ் அவ்வெண்ணத்தைக் கைவிடவில்லை. 1937இல் பி.பி.சி. வானொலிக்காக அவர் வடிவமைத்த கவிதை நிகழ்ச்சிகளில், ஓதுவோரின் குரலுக்கு இடையே வரும் இடைவெளிகளை முரசு முதலிய கருவிகளால் நிரப்பச் செய்தார். கருவி சொல்லின்மேல் ஒலிக்கக் கூடாது. சொற்கள் ஓய்ந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதே அவர் இறுதியில் வந்தடைந்த நெறி.

இதற்கு நேர்மாறான ஓர் உண்மையும் உண்டு. யேட்ஸின் இளமைக்காலக் கவிதைகளுள் சில நாட்டார் பாடல்களிலிருந்தே பிறந்தவை. 1889இல் வெளியான, வில்லோ மரத் தோட்டத்தைப் பாடும் சிறு கவிதை, ஸ்லைகோ மாவட்டத்துப் பாலிசடேர் ஊரில் ஒரு முதியவள் அரைகுறையாக நினைவில் வைத்துப் பாடிய மூன்று அடிகளிலிருந்து மீட்டமைக்கப்பட்டது என்று அவரே குறிப்பெழுதினார். 1909இல் ஹெர்பர்ட் ஹியூஸ் அதனைப் பழைய அயர்லாந்து மெட்டொன்றில் பொருத்த, அது மீண்டும் நாட்டார் பாடலாகவே வழங்கத் தொடங்கியது. இன்று அதைப் பாடுவோர் பலர் அதன் ஆசிரியரை அறியார். இசையை நம்பாத கவிஞரின் கவிதைகள் தொடக்கம் முதலே இசையின் எல்லையில்தான் நின்றன.

பேச்சும் பாட்டும்: 1988

வாட்டர்பாய்ஸ் குழுவை 1983இல் தொடங்கிய மைக் ஸ்காட், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தவர். 1986இல் பிடில் கலைஞர் ஸ்டீவ் விக்கமின் தொடர்பால் அவர் டப்ளினுக்குப் பெயர்ந்தார். அதன்பின் குழுவின் இசையில் மின்கிதாரை ஒட்டிப் பிடிலும் மாண்டலினும் முதன்மை பெற்றன. 1988இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில், அயர்மொழி வழங்கும் கானமாரா பகுதியின் ஸ்பிடல் என்னும் ஊரில் ஒரு பழைய இல்லத்தில் தங்கி அவர்கள் பதிவு செய்த பாடல்கள் அவ்வாண்டு ‘ஃபிஷர்மன்ஸ் ப்ளூஸ்’ தொகுப்பில் இடம்பெற்றன. அத்தொகுப்பில் உள்ளது யேட்ஸின் ‘திருடப்பட்ட குழந்தை’.

1886இல் முதலில் அச்சான இக்கவிதை, மனிதக் குழந்தையைத் தம் உலகிற்கு அழைத்துச் செல்லும் வனதேவதைகளின் கூற்று. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றின் ஈற்றிலும் நான்கடி மகுடம். ஸ்லைகோவின் காடும் கடற்கரையும் அருவியும் வரிசையாகக் காட்டப்படுகின்றன. முதல் மூன்று பகுதிகளில் மகுடம் குழந்தையை நோக்கிய அழைப்பு. நான்காவதில் அழைப்பு அறிவிப்பாக மாறுகிறது: முன்னிலை படர்க்கையாகிறது. அந்த ஓரிடத்தில்தான் குழந்தை போய்விட்டது என்பது நமக்குத் தெரியவருகிறது. அதற்குச் சற்று முன்னரே, குழந்தை இனிக் காணமாட்டாத வீட்டுப் பொருள்களும் ஒலிகளும் அடுக்கப்பட்டிருக்கும். கவிதையின் துயரம் முழுவதும் இவ்விடமாற்றத்தில் அடங்கியுள்ளது.

ஸ்காட் இக்கவிதைக்கு இசை வகுத்த முறை எளிது, ஆனால் ஆழமானது. மகுடத்தை மட்டும் அவர் பாடுகிறார். பகுதிகளைப் பாடவில்லை. அவற்றைக் கானமாராவின் மரபுவழிப் பாடகர் டொமாஸ் மக் ஓயின் தம் இயல்பான பேச்சுக்குரலில் சொல்கிறார். அயர்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரின் ஆங்கில ஒலிப்பு அது. இசை மெல்ல அடியில் செல்கிறது.

மூலத்தில் பகுதி, மகுடம் இரண்டுமே தேவதைகளின் குரல். இங்கோ குரல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அழைப்பது தேவதை, இடங்களை அடையாளம் காட்டுவது அம்மண்ணில் வாழும் ஒரு முதிய மனிதன். கேட்போருக்கு இது கதைசொல்லி ஒருவர் தம் ஊரில் நடந்ததாக நம்பப்படும் நிகழ்வைக் கூறுவதுபோலவும், இடையிடையே அவ்வழைப்பு தொலைவிலிருந்து கேட்பதுபோலவும் அமைகிறது. மூலத்தில் இல்லாத ஒரு மனிதச் சாட்சி இசையால் உள்ளே வந்துள்ளது. இறுதிப் பகுதியின் வீட்டுப் பொருள்கள் தேவதையின் வாயில் ஏளனமாகவோ இரக்கமாகவோ ஒலிக்கலாம். முதியவரின் வாயில் அவை இழப்பாக மட்டுமே ஒலிக்கின்றன. யேட்ஸ் எதிர்பார்த்த, சொல்லைச் சொல்லாகவே ஒலிக்கும் முறைக்கு மிக அண்மையில் வந்த பதிவு இதுவே. அதை நிகழ்த்தியது ஒரு ராக் குழு என்பது குறிக்கத்தக்கது.

உரிமைக் காலம்

யேட்ஸ் 1939 ஜனவரி 28 அன்று பிரான்சில் காலமானார். கவிஞர் மறைந்து 50 ஆண்டுகள் பதிப்புரிமை நீடித்த அன்றைய சட்டப்படி அவருடைய எழுத்துகளின் உரிமை 1989 இறுதியில் நீங்கியது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் இக்காலத்தை 70 ஆண்டுகளாக நீட்டியபோது, 1990களின் நடுவில் அது உயிர்பெற்று 2009 இறுதி வரை தொடர்ந்தது. எனவே 1988இல் யேட்ஸைப் பாட அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி எளிதில் கிட்டுவதாகவும் இல்லை. 1980களில் வான் மாரிசன் பாடிய ஒரு யேட்ஸ் கவிதை, அனுமதி கிடைக்காமையால் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டுப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. வாட்டர்பாய்ஸின் இரண்டாம் யேட்ஸ் பாடல் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில், அதாவது உரிமை இடையறவுபட்டிருந்த சில ஆண்டுகளுக்குள், இடம்பெற்றது. டப்ளினின் அபே அரங்கில் அவர்கள் யேட்ஸ் கவிதைகளுக்கென்றே நிகழ்த்திய இசைநிகழ்ச்சி 2010 மார்ச்சில் நடந்தது. உரிமை நீங்கி மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை.

சட்டச் செய்தி இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானது போலத் தோன்றலாம். ஆனால் பாடத்தின் நிலை இதனால் மாறுகிறது. அனுமதி பெற்றுப் பாடுவோர் கவிதையைச் சிதையாது பாடக் கடமைப்பட்டவராகின்றனர். உரிமை நீங்கியபின் கவிதை வெட்டவும் ஒட்டவும் உரிய பொருளாகிறது. 2010க்குப் பிந்திய பாடல்களில் காணும் துணிவை இப்பின்புலத்தில் வைத்தே நோக்க வேண்டும்.

மகுடம் உள்ள கவிதைகள்

அபே அரங்கு 1904இல் யேட்ஸும் கிரெகரி சீமாட்டியும் பிறரும் நிறுவியது. அவ்வரங்கில் நிகழ்ந்தவற்றிலிருந்து தேர்ந்த 14 பாடல்கள் 2011 செப்டம்பரில் ‘அன் அப்பாயின்ட்மென்ட் வித் மிஸ்டர் யேட்ஸ்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றுள் ‘செப்டம்பர் 1913’ தனித்து நோக்கத்தக்கது.

ஹ்யூ லேன் என்பார் தம் ஓவியத் தொகுதியை டப்ளினுக்கு அளிக்க முன்வந்தார். அதற்கென ஒரு காட்சிக்கூடம் வேண்டும் என்றார். நகரத்தின் செல்வரும் மாநகராட்சியும் செலவை எண்ணித் தயங்கினர். அதே காலத்தில் தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு வெளியே நிறுத்திய கதவடைப்பும் தொடங்கியிருந்தது. இப்பின்னணியில் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளேட்டில் வெளியான கவிதை இது. எட்டடி கொண்ட நான்கு செய்யுள்கள். ஈற்றிரண்டு அடிகள் மகுடம். 1907இல் மறைந்த விடுதலை வீரர் ஜான் ஓலியரியோடு ஒரு காலமே கல்லறைக்குள் சென்றுவிட்டது என்பது அதன் கருத்து. முதல் மூன்று செய்யுள்களில் அது குற்றச்சாட்டு. நான்காவதில் மகுடத்தின் சொற்கள் சிறிது மாறி, இறந்தோரை அப்படியே விட்டுவிடுங்கள் என்னும் சோர்வாகிறது. ‘திருடப்பட்ட குழந்தை’யில் கண்ட அதே உத்தி: மூன்று முறை நிலைபெறுத்தி, நான்காம் முறை நெகிழ்த்தல்.

இத்தகைய கவிதைக்கு இசை வகுப்போர் பல்லவி தேட வேண்டியதில்லை. மகுடமே அவ்விடத்தில் வந்து அமர்கிறது. இங்குதான் இடரும் உள்ளது. மகுடத்தைப் பல்லவியாகக் கொண்டு விரும்பியவாறு திருப்பிப் பாடினால் கேட்போர் அதனை முழக்கமாக எடுத்துக்கொள்வர். இறுதி நெகிழ்வு செவியில் தைக்காது. குற்றச்சாட்டு நிற்கும், கவிஞரின் சோர்வு மறையும். 2010 நவம்பரில் அயர்லாந்து அரசு தன் வங்கிகளின் வீழ்ச்சியால் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கைநீட்ட நேர்ந்தது. அரங்க நிகழ்ச்சிக்கும் தொகுப்பு வெளியீட்டிற்கும் இடைப்பட்ட காலம் அது. காசெண்ணும் நகரத்தைச் சாடும் கவிதை அத்தகைய காலத்தில் முழக்கமாவது இயல்பே. இழிவு என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் யேட்ஸ் எழுதியது முழக்கம் அன்று. முழக்கத்தில் தொடங்கி அதனை இறுதியில் கைவிட்ட கவிதை.

இதற்கு மாறானது, சூறைக்காற்று வீசும் இரவில் சாளரக் கதவை அடைத்துவிட்டுப் பழைய நூலாசிரியர்களை எண்ணும் குறுங்கவிதை. ‘இசைக்கேற்ற சொற்கள் போலும்’ என யேட்ஸே ஐயக்குறிப்போடு தலைப்பிட்ட வரிசையைச் சேர்ந்தது; மூன்று செய்யுள், ஓரடி மகுடம். இதன் மகுடம் மாறுவதில்லை. எனவே எத்தனை முறை ஒலித்தாலும் கேடில்லை. கவிதை அறைக்குள் நிகழ்கிறது, புயல் வெளியே. விக்கமின் பிடிலுக்கு ஸ்காட் இப்பாடலில் நீண்ட இடம் விட்டுள்ளார். கவிதை சாளரத்துக்கு அப்பால் அடைத்து வைத்ததை இசை உள்ளே விடுகிறது எனலாம். சொல் இங்கு விழுங்கப்படவில்லை. சொல் முடிந்த இடத்திலிருந்து, சொல் சுட்டியதே தொடர்கிறது.

ஏரித்தீவும் ப்ளூஸ் நடையும்

யேட்ஸின் கவிதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘இன்னிஸ்ஃப்ரீ ஏரித்தீவு’ 1890இல் வெளிவந்தது. இலண்டன் தெருவில் ஒரு கடைச் சாளரத்திலிருந்த சிறு நீரூற்றின் ஒலி, ஸ்லைகோவின் ஏரிநீரை நினைவூட்டியதிலிருந்து அது பிறந்ததாக அவர் எழுதியுள்ளார். 1930களின் தொடக்கத்தில் வானொலிக்காக அவரே அதனை ஓதிய பதிவு கிடைக்கிறது. பேச்சு நடையில் அன்றித் தாளம் புலப்பட அழுத்தி ஓதப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஏறத்தாழ மந்திரம் ஓதும் குரலில் அவர் சொல்கிறார். இன்றைய செவிக்கு அது விந்தையாகவே ஒலிக்கும்.

இக்கவிதைக்கு ஸ்காட் தேர்ந்தது ப்ளூஸ் நடை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப்பாட்டு வடிவத்தில் அயர்லாந்தின் ஏரியா என்ற வினா எழுவது இயல்பு. மரபிசை ஒன்றை எதிர்பார்த்தவருக்கு இது பிழையாகவே படும். யாப்பை நோக்கினால் பொருத்தம் புலப்படுகிறது. நான்கடிச் செய்யுளின் முதல் மூன்றடிகள் நீண்டவை. நடுவே தெளிவான ஓய்வு உடையவை. நான்காவது குறுகியது. ப்ளூஸ் நடையின் இயல்போ, குரல் ஓரடியைப் பாடி ஓய, அவ்வோய்வில் கருவி விடையிறுப்பது. சொல்லின்மேல் அன்றிச் சொல்லின் இடைவெளியில் கருவி ஒலிக்க வேண்டும் என்று 1937இல் யேட்ஸ் விரும்பிய அமைப்பு, அவர் எண்ணிப் பாராத ஒரு மரபில் முன்னரே நிலைபெற்றிருந்தது. மேலும், ஊரை விட்டு நகரத்தின் நடைபாதையில் நிற்பவனின் ஏக்கம் ப்ளூஸ் மரபுக்குப் புதிதன்று. இன்னிஸ்ஃப்ரீயை இயற்கை வருணனையாகப் படித்துப் பழகியோருக்கு, அது புலம்பெயர்ந்தவனின் பாட்டு என்பதை இவ்விசை நினைவூட்டுகிறது.

தைத்த பாடல்

தொகுப்பில் மிகுந்த சிக்கலுக்குரியது, பூமியைச் சாட்சிக்கு அழைக்கும் பாடல். இது யேட்ஸின் தனிக்கவிதை எதுவும் அன்று. இரு நாடகங்களிலிருந்து எடுத்த வரிகளை ஸ்காட் ஒன்றாகத் தைத்துள்ளார். ஒன்று, ஜார்ஜ் மூருடன் இணைந்து யேட்ஸ் எழுதி, 1901இல் எல்காரின் இசையோடு டப்ளினில் மேடையேறிய ‘டியர்மிட்டும் கிரானியாவும்’. மற்றொன்று, கிரெகரி சீமாட்டியின் பங்களிப்போடு உருவாகி 1902இல் நடிக்கப்பட்ட ‘காத்லீன் நி ஹூலிஹன்’.

முதல் நாடகத்திலிருந்து வருவது, குருதி கலந்து உறவு பூணும் இரு வீரரின் சூளுரை. கடலும் காற்றும் மண்ணும் தீயும் சாட்சியாகின்றன. ஆனால் அச்சூளுரை கிரானியாவின் பொருட்டுப் பகைத்த இருவர் செய்வது. கதையின் முடிவை அறிந்த பார்வையாளருக்கு அது நிலையாது என்பதும் தெரியும். நாடகத்தில் அது முரண்சுவை. இரண்டாம் நாடகத்திலிருந்து வருவது, நாட்டிற்காக உயிர்விடுவோர் என்றும் நினைக்கப்படுவர் எனப் பாடிச் செல்லும் முதியவளின் பாட்டு. 1798இல் பிரெஞ்சுப் படை கிலாலாவில் இறங்கியபோது, மறுநாள் மணம் செய்யவிருந்த மைக்கேல் என்னும் இளைஞன் அப்பாட்டின் பின்னே போய்விடுகிறான். அம்முதியவளே அயர்லாந்து. முதல் மேடையேற்றத்தில் அவளாக நடித்தவர் மாட் கான்.

இவ்விரண்டும் ஒன்றானபோது முரண்சுவை நீங்கியது. உடையப்போகும் சூளுரை உடையாத உறுதியானது; மயக்கி இழுக்கும் பாட்டு வீரவணக்கமானது. இப்பாடலை 2009இல் ஈரான் தெருக்களில் போராடியோருக்கு ஆதரவாக ஸ்காட் முன்வைத்தார். தொலைவிலுள்ள ஒரு மக்கள் கூட்டத்தின் துயரத்திற்கு நூறாண்டு முந்தைய அயர்லாந்து நாடகம் சொல் தந்தது என்ற அளவில் இது பெருஞ்செயலே. எந்தச் செவ்விலக்கியமும் உயிரோடிருப்பதற்கு அடையாளம், அது பிறர் கையில் பயன்படுவது. மகுடமும் அல்லாத, தனிக்கவிதையும் அல்லாத வரிகளை முழுமையாகப் பல்லவியாக்கினால் எவ்வளவு வலிமை பெறும் என்பதற்கும் இப்பாடல் சான்று.

ஆயினும் யேட்ஸ் தம் முதுமையில் அந்நாடகத்தை அஞ்சினார். தம் நாடகம் சில இளைஞரை ஆங்கிலேயரின் துப்பாக்கி முன் கொண்டு நிறுத்தியதோ என்று, இறப்பதற்குச் சில மாதங்கள் முன் எழுதிய கவிதையில் அவர் தம்மையே வினவிக்கொண்டார். அவ்வினா நாடகத்துக்குள்ளேயே வித்தாக உள்ளது. மைக்கேல் ஓடியபின் திரை உடனே விழுவதில்லை. முதியவளைக் கண்டாயா என்ற தந்தையிடம், அரசியின் நடையுடைய இளம்பெண்ணையே கண்டேன் என்கிறான் இளைய மகன். அவ்விடைக்குச் சற்று முன்னர், மணமகளாக வேண்டிய டெலியா, மைக்கேலின் தாயின் அணைப்பில் அழத் தொடங்கியிருக்கிறாள். பாடலில் டெலியா இல்லை.